கக்கத்தில் கட்டிய நெறியும் பம்பாய் ரயிலடியும்

ஊரை விட்டு வந்தவர்கள் டாக்டரிடம் சொல்லத் திணறும் சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டால், "நெறி கட்டியிருக்கு" என்பது அதில் கட்டாயம் இருக்கும். ஊரில் என்றால் பிள்ளை காலைத் தாங்கித் தாங்கி நடப்பதைப் பார்த்ததுமே பாட்டி தொடையிடுக்கைத் தொட்டுப் பார்ப்பாள். "கால்ல எங்கயோ முள்ளு குத்தியிருக்கு, நல்லா பாருடி" என்பாள். மும்பையில் இதை எப்படிச் சொல்வது? இந்தியில் கில்ட்டி, மராத்தியில் காட். இரண்டையும் கற்றுக்கொள்வதற்குள் நெறியே வற்றிவிடும் :-)

நான் நெல்லைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த டாக்டர் என்பதால் என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் ஒருமுறை உத்தரப் பிரதேசத்துப் பெரியவர் ஒருவர் பேரனைக் கூட்டி வந்தார். பையனின் கக்கத்தைக் காட்டி "கில்ட்டி" என்றார். சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிட்டது. அவர் ஊரில் பிளேக்குக்கும் அந்தச் சொல்தானாம். பையனுக்கு விரலில் நகச்சுற்று, வேறொன்றும் இல்லை. பெரியவர் முகத்தில் இருந்த பயம் மட்டும் என்னை விடவில்லை. பழைய பிளேக் கதைகளைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒரு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. 1897-ல் இதே பம்பாயிலிருந்து ரயிலில் கிளம்பியவர்களின் கக்கத்தையும் தொடையிடுக்கையும் அரசாங்கமே தொட்டுப் பார்த்திருக்கிறது. ஆயிரக்கணக்கான நெறிகளைத் தொட்டும், அந்த நெறி என்ன சொல்கிறது என்று பெரும்பாலோர் கேட்கவில்லை. பாட்டி கேட்கும் அதே கேள்விதான்: "எது வழியா உள்ள போச்சு?"

அது புரிய வேண்டுமானால் முதலில் கொஞ்சம் உடற்கூறு. போரடிக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

ரத்தக் குழாய்கள் போக உடம்பில் இன்னொரு குழாய் வலையும் ஓடுகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து சதைக்குள் தங்கும் நீரைத் திரட்டி மறுபடியும் ரத்தத்தில் சேர்ப்பது அதன் வேலை. அந்த நீர்தான் நிணநீர். 1622-ல் இத்தாலியில் காஸ்பாரே அசெல்லி என்பவர், அப்போதுதான் தின்று முடித்திருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது, குடலை ஒட்டிப் பால் நிறத்தில் மெல்லிய குழாய்களைப் பார்த்தார். 1650களில் ஸ்வீடனின் ருட்பெக்கும் டென்மார்க்கின் பார்த்தோலினும் இந்த வலை குடலில் மட்டும் இல்லை, உடம்பு முழுக்க இருக்கிறது என்று காட்டினார்கள் (யார் முதலில் என்று இருவருக்கும் சண்டை வேறு). 1787-ல் மஸ்காக்னி என்ற இத்தாலியர் இந்தக் குழாய்களில் பாதரசத்தைச் செலுத்தி, மனித உடம்பு முழுவதற்கும் படம் போட்டு வெளியிட்டார். வெறும் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் பாதரசம் ஏறியதும் வெள்ளிக் கம்பி மாதிரி பளபளக்கும்.

இந்தக் குழாய்களின் வழியில் அங்கங்கே அவரை விதை வடிவில் முடிச்சுகள் இருக்கின்றன. வருகிற நீரை வடிகட்டி, அதில் கிருமி இருந்தால் பிடித்து வைத்துச் சண்டை போடும் இடங்கள். சண்டை நடந்தால் வீங்கும், வலிக்கும். நாம் நெறி என்று சொல்வது அந்த வீக்கத்தைத்தான்.

இப்போது கைக்கு வருவோம். விரல்களிலிருந்தும் உள்ளங்கையிலிருந்தும் கிளம்பும் குழாய்களில் பெரும்பாலானவை முதலில் புறங்கைக்குத்தான் போகின்றன. உள்ளங்கையில் முள் குத்திச் சீழ் பிடித்தால் புறங்கை வீங்குகிறதே, கவனித்திருக்கிறீர்களா? காரணம் இதுதான். அங்கிருந்து இரண்டு பாதை. சுண்டுவிரல் பக்கத்துக் குழாய்கள் முழங்கையின் உட்புறம், எலும்பு முட்டுக்குச் சற்று மேலே உள்ள ஒன்றிரண்டு முடிச்சுகளில் நின்று, பிறகு மேலே ஏறும். கட்டைவிரல் பக்கத்துக் குழாய்கள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. நேராகக் கக்கத்துக்கு. சில அதையும் தாண்டி காறை எலும்புக்குக் கீழே போய்ச் சேரும். சுண்டுவிரல் புண்ணுக்கு முழங்கையில் நெறி கட்டலாம், கட்டைவிரல் புண்ணுக்கு நேரே கக்கத்தில் கட்டலாம். எல்லோருக்கும் அச்சடித்த மாதிரி இருக்காது, ஆனாலும் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான்.

கக்கம் (எங்கள் பக்கம் கமுக்கட்டு) ஒரு பெரிய ஜங்ஷன். கொழுப்புக்குள் புதைந்து இருபது முப்பது முடிச்சுகள், சிலருக்கு இன்னும் கூட. ஐந்து கூட்டமாகப் பிரித்துப் படிப்போம். மேற்கையின் உட்புறம், பெரிய ரத்த நாளத்தை ஒட்டி ஒரு கூட்டம். கையின் நிணநீரில் பெரும்பகுதி இங்கேதான் இறங்கும். முன்பக்கம் மார்புத் தசைக்கு அடியில் ஒன்று. மார்பகத்துக்கும் நெஞ்சுச் சுவருக்கும் அதுதான் வடிகால். மார்பகப் புற்றுநோயில் டாக்டர்கள் கக்கத்தைத் தடவிப் பார்ப்பது அதற்காக. பின்பக்கம் தோள்பட்டை எலும்பை ஒட்டி ஒன்று, முதுகுக்கானது. இந்த மூன்றும் நடுவில் உள்ள நாலாவது கூட்டத்துக்கு அனுப்பும். நடுக்கூட்டத்தைத்தான் விரலால் எளிதாகத் தொட முடியும். எல்லாம் சேர்ந்து உச்சியில், காறை எலும்புக்குப் பின்னால் இருக்கும் ஐந்தாவது கூட்டத்துக்குப் போய், கழுத்தடியில் ரத்தத்தில் கலக்கும்.

ஆக, கக்கத்தில் நெறி என்றால் வழி அந்தப் பக்கத்துக் கையாக இருக்கலாம், மார்பாக இருக்கலாம், முதுகாக இருக்கலாம், தொப்புளுக்கு மேலே வயிற்றுத் தோலாகவும் இருக்கலாம். தொப்புளுக்குக் கீழே என்றால் தொடையிடுக்கு. முகம், தலை என்றால் கழுத்து. கைக்குழந்தைக்கு இடது மேற்கையில் பிசிஜி ஊசி போட்டு சில வாரம் கழித்து இடது கக்கத்தில் சின்ன உருண்டை தட்டுப்பட்டு, பதறிக்கொண்டு தூக்கி வரும் அம்மாக்கள் உண்டு. 2021-ல் கொரோனா ஊசி போட்ட கையின் பக்கம் கக்கம் வீங்கி, மார்பில் ஏதோ என்று பயந்துபோன பெண்களும் நிறையப் பேர். எல்லாம் ஒரே வரைபடம்தான்.

சரி, வரைபடம் கையில் இருக்கிறது. 1896-க்குப் போவோம்.

சீனாவின் யுன்னான் பகுதியிலிருந்து கிளம்பிய பிளேக் 1894-ல் ஹாங்காங்குக்கு வந்தது. கிருமியைக் கண்டுபிடிக்க ஜப்பானிலிருந்து கிடசாட்டோ, பாஸ்டர் நிறுவனத்தின் சார்பில் அலெக்சாந்தர் யெர்சின் இருவரும் போனார்கள். யெர்சினுக்கு ஆஸ்பத்திரிப் பிணவறையில் இடம் தரவில்லை. காவலுக்கு இருந்தவர்களுக்குக் காசு கொடுத்து உள்ளே போய், பிணங்களின் நெறியை அறுத்து எடுத்து வந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நெறிக்குள் கிருமி புழுத்துக் கிடந்தது. அந்தக் கிருமிக்கு இன்று அவர் பெயர்தான். எதிலிருந்து கிடைத்தது என்பதை மறக்காதீர்கள்: ரத்தத்தைத் தேடி அல்ல, நெறியைத் தேடிப் போனதால் கிடைத்தது.

இரண்டே வருடம். கப்பல் வழியாகப் பம்பாய். துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில், தானியக் கிடங்குகள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில், காய்ச்சலும் நெறியுமாக ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். இது பிளேக்தான் என்று 1896 செப்டம்பர் 23 அன்று வெளிப்படையாகச் சொன்னவர் அக்காசியோ வியேகாஸ் என்ற கோவாக்காரர், அந்தப் பகுதியில் வைத்தியம் பார்த்த டாக்டர். (மெட்ரோ சினிமா எதிரே அவருக்குச் சிலை இருக்கிறது. தினமும் லட்சம் பேர் கடந்து போகிறோம்.) ஊரே பயந்து ஓடியது. சுமார் எட்டரை லட்சம் பேர் இருந்த பம்பாயிலிருந்து, 1897 தொடக்கத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். மில்கள் ஆளில்லாமல் நின்றன. நிறையப் பேர் ரயிலில்தான் போனார்கள்.

வெளிநாட்டுத் துறைமுகங்கள் இந்தியக் கப்பல்களைத் தடுக்கப் பார்த்தன. வியாபாரம் போய்விடுமே என்று அரசாங்கத்துக்குப் பயம். 1897 பிப்ரவரி 4 அன்று தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. 2020-ல் கொரோனாவுக்காக மாநிலங்கள் தூசி தட்டி எடுத்தது அதே சட்டத்தைத்தான். யாரையும் சோதிக்கலாம், பிரித்து வைக்கலாம், ரயிலை நிறுத்தி ஆளை இறக்கலாம்.

இறக்கினார்கள். ரயில்களை நிறுத்தி, பயணிகளை நடைமேடையில் வரிசையாக நிற்க வைத்து, டாக்டர் வருவார். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கழுத்து, கக்கம், தொடையிடுக்கு. முதல் வகுப்பு வெள்ளைக்காரர்களுக்கு மரியாதையான பார்வை, மூன்றாம் வகுப்புக்குக் கை. பெண்களைப் பார்க்கப் பெண் டாக்டர்களோ நர்சுகளோ இருந்த இடங்களும் உண்டு, இல்லாத இடங்களும் உண்டு. ஒரு திரை கட்டினால் அதுவே பெரிய சலுகை. முன்பின் தெரியாத ஆண், நடைமேடையில், புடவைக்குள் கையை விட்டுக் கக்கத்தைத் தொடுகிறான் என்றால் அந்தக் காலத்துக் குடும்பங்களுக்கு என்ன ஆகியிருக்கும்? எந்தக் காலத்துக் குடும்பத்துக்கும்தான். சந்தேகப்பட்டால் ஆளைப் பிரித்து முகாமுக்கு அனுப்புவார்கள். கூட வந்தவர்களுக்கு வேறு முகாம்.

மருத்துவக் கணக்காகவே இதைப் பாருங்கள். கிருமி உள்ளே போய் இரண்டிலிருந்து ஆறு நாள் வரை ஒன்றும் தெரியாது. காய்ச்சல் இல்லை, நெறி இல்லை. அப்படிப்பட்டவர் நடைமேடையில் தேறிப் போய்விடுவார். நெறி நன்றாகக் கட்டியவரோ ரயிலேறும் நிலையிலேயே இருக்க மாட்டார். கக்கத்தில் பிளேக் நெறி கட்டினால் வலியில் கையை உடம்போடு சேர்க்க முடியாது, விலக்கியே வைத்திருப்பார். தொடையிடுக்கில் கட்டினால் காலை மடக்கிக்கொண்டு கிடப்பார். தொட்டுப் பார்க்காமலே தெரிந்துவிடும். இன்னொரு பக்கம், வெறுங்காலோடு நடந்து, காலில் வெடிப்பும் சிரங்குமாக இருக்கும் கூலிக்காரருக்கு வருடம் முழுக்கத் தொடையிடுக்கில் நெறி தட்டுப்படும். அவர் மாட்டுவார். நோய் உள்ளவர் தப்ப, இல்லாதவர் சிக்கும் சோதனை என்பது என் கருத்து.

இதெல்லாம் நடக்கும்போது தானிய மூட்டைகள் ரயிலேறிப் போய்க்கொண்டே இருந்தன. மூட்டைக்குள் என்ன போனது என்பதற்குப் பிறகு வருகிறேன். பயணிகளின் துணிமணிகளைப் பல இடங்களில் நீராவியில் காட்டியது நல்ல காரியம்தான், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஏன் அது நல்ல காரியம் என்று செய்தவர்களுக்கே தெரியாது.

கோபம் வெடித்தது. 1896 அக்டோபர் 29 அன்றே ஆயிரம் பேர் போல மில் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியை (இன்றைய கஸ்தூர்பா) தாக்கினார்கள். உள்ளே போனவர் திரும்புவதில்லை என்று வதந்தி. 1898 மார்ச் 9 அன்று மதன்புராவில் நெசவாளர் வீட்டுச் சிறுமி ஒருத்தியைச் சோதிக்கப் போனதில் பெரிய கலவரம். புனேவில் வால்டர் ராண்ட் என்ற அதிகாரியின் கீழ் வெள்ளைக்காரச் சிப்பாய்களே வீடு வீடாக நுழைந்தார்கள், பூஜையறை வரைக்கும். 1897 ஜூன் 22, விக்டோரியா மகாராணியின் வைர விழா இரவில், கணேஷ்கிண்ட் சாலையில் சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். ஜூலை 3-ல் அவர் இறந்தார். கூட வந்த அயர்ஸ்ட் என்ற லெப்டினன்ட் அங்கேயே இறந்துவிட்டார். சாபேகர்கள் தூக்கில் தொங்கினார்கள், திலகர் ராஜதுரோக வழக்கில் சிறை போனார். பள்ளிக்கூடப் பாடத்தில் இதெல்லாம் வந்திருக்கும். எதைத் தேடி அந்தச் சிப்பாய்கள் வீட்டுக்குள் வந்தார்கள் என்பது மட்டும் பாடத்தில் மேலோட்டமாகத்தான் இருக்கும்.

கோபத்தின் இன்னொரு முகத்தையும் சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பில் மானப் பிரச்சினை எவ்வளவு உண்மையோ, தீட்டுப் பிரச்சினையும் அவ்வளவு உண்மை. எங்கள் ஜாதிக்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். பம்பாயில் ஜாதிக்கொன்று, மதத்துக்கொன்று என்று பிளேக் ஆஸ்பத்திரிகள் முளைத்தன. அதே சமயம் புனேயை அடுத்த ஹடப்ஸரில் சாவித்ரிபாய் புலேயும் அவர் வளர்ப்பு மகன் டாக்டர் யஷ்வந்தும் ஒரு சிகிச்சை முகாம் நடத்தினார்கள். முந்த்வாவில் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட குடும்பத்துச் சிறுவன் ஒருவனைப் பிளேக்கோடு பார்த்து, முதுகில் சுமந்தே முகாமுக்குக் கொண்டுவந்தார் சாவித்ரிபாய். வயது அறுபத்தாறு. அதிலேயே அவருக்கும் பிளேக் ஒட்டி, 1897 மார்ச் 10-ல் இறந்தார். எல்லோரும் தொடாதே என்று சொல்லிக்கொண்டிருந்த உடம்பைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். அந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், அன்றைக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

இப்போது நெறியைப் படித்தவரிடம் வருகிறேன். பெயர் பால்-லூயி சிமோன், பிரெஞ்சுக்காரர், பாஸ்டர் நிறுவனம் யெர்சினுக்குப் பதிலாக 1897-ல் இந்தியாவுக்கு அனுப்பிய டாக்டர். பம்பாய், கட்ச், கராச்சி என்று நோயாளிகளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நெறி எங்கே இருக்கிறது என்று எல்லோரும் குறித்து வைத்திருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு போலத் தொடையிடுக்கில், ஐந்தில் ஒரு பங்கு போலக் கக்கத்தில், மிச்சம் கழுத்தில். அதற்கு மேல் போகவில்லை. சிமோன் பாட்டியின் கேள்வியைக் கேட்டார். நெறியிலிருந்து பின்னோக்கிப் போனார். கக்கத்தில் நெறி இருந்தால் அந்தக் கை முழுவதையும், தொடையிடுக்கில் இருந்தால் அந்தக் கால் முழுவதையும் தோல் தோலாகப் பார்த்தார்.

சிலரிடம் ஒன்று தென்பட்டது. குண்டூசித் தலை போல ஒரு சிறு நீர்க்கொப்புளம், எந்த நெறிக்கு அந்தத் தோலின் நிணநீர் வடியுமோ, அந்த நெறிதான் வீங்கியிருந்தது. எல்லோரிடமும் இல்லை, இருபது பேரில் ஒருவர் போலத்தான். கொப்புளத்தைக் கீறிப் பார்த்தால் உள்ளே அதே கிருமி. அப்படியானால் வாசல் இதுதான். காயம் என்றால் கிழிசல் இருக்கும். இது பூச்சி கடித்த தடம் மாதிரி இருக்கிறது. எலி செத்து விழுந்த வீட்டில் மனிதர்கள் விழுகிறார்கள் என்பது ஏற்கெனவே தெரியும். எலியிலும் மனிதரிலும் ஒன்றுபோலக் கடிக்கிற பூச்சி எது? தெள்ளு.

1898 ஜூன் 2, கராச்சி. ஓட்டல் அறையிலேயே சோதனை வைத்தார். பிளேக் வந்த, உடம்பில் தெள்ளு மொய்த்த ஓர் எலியைக் கண்ணாடி ஜாடிக்குள் விட்டார். தெள்ளு போதாது என்று ஒரு பூனையிலிருந்து வேறு பிடித்துப் போட்டார். பக்கத்தில் கம்பி வலைக் கூண்டில் ஆரோக்கியமான எலி. ஒன்றையொன்று தொட முடியாது, ஆனால் தெள்ளு தாண்டலாம். நோய் எலி செத்தது. சில நாளில் மற்றதும் செத்தது, நெறியில் கிருமியோடு. தெள்ளு இல்லாத எலிகளை இதே மாதிரி வைத்தபோது நோய் தாவவில்லை.

அந்த வருடமே பாஸ்டர் நிறுவனத்தின் இதழில் எழுதினார். யாரும் நம்பவில்லை. எடின்பரோ பேராசிரியர் ஃப்ரேசர் தலைமையில் பிளேக்கை ஆராய வந்த குழு, தெள்ளுக் கதையைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று ஒதுக்கியது. அந்தக் குழுவுக்கும் நெறியின் இடம் தெரியும். தொடையிடுக்கில் அதிகம் என்பதால் கிருமி காலின் தோல் வழியாகத்தான் நுழைகிறது என்பதுவரை வந்துவிட்டார்கள். இந்தியர்கள் வெறுங்காலோடு அழுக்குத் தரையில் நடக்கிறார்கள், காலில் கீறல் இருக்கும், தரையிலிருந்து கிருமி ஏறுகிறது என்று முடித்துவிட்டார்கள். பாதி சரி. தரை வரைக்கும் வந்தவர்கள், தரையில் குதித்துக்கொண்டிருந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை. வெறுங்காலும் அழுக்கும் என்ற விளக்கம் அவர்கள் நாட்டைப் பற்றி ஏற்கெனவே வைத்திருந்த அபிப்பிராயத்தோடு அழகாகப் பொருந்திவிட்டது, அதனால் மேலே தேடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த கட்டம் பம்பாயிலேயே நடந்தது. கிளென் லிஸ்டன் என்ற டாக்டர் பிளேக் வந்த சால் வீடுகளில் கினிப் பன்றிகளை அவிழ்த்துவிட்டு, அவற்றின் மேல் ஏறிய தெள்ளுகளை எண்ணினார். எலி செத்ததும் பசித்த தெள்ளுகள் கிடைத்த உடம்பில் ஏறின. 1905-லிருந்து பரேலில், பின்னாளில் ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் என்று பெயர் பெற்ற இடத்தில், பிளேக் ஆராய்ச்சிக் குழு வரிசையாகச் சோதனைகள் செய்தது. எனக்குப் பிடித்தது கூண்டுச் சோதனை. நோய் பரவிய அறையில் சில கினிப் பன்றிகளைத் தரையில் விட்டார்கள், சிலவற்றைத் தெள்ளு தாவ முடியாத உயரத்தில் கூண்டில் வைத்தார்கள். காற்று எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். தரையில் இருந்தவை செத்தன, உயரத்தில் இருந்தவை பிழைத்தன. தெள்ளால் நாலு அங்குலம் போலத்தான் குதிக்க முடியும்.

நாலு அங்குலம்! நிற்கிற மனிதருக்கு அது கணுக்கால். அதனால்தான் தொடையிடுக்கில் அவ்வளவு நெறி. அப்படியானால் கக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு எப்படி வந்தது? பாய் விரித்துத் தரையில் படுக்கிறவரின் கை, தோள், முதுகு எல்லாமே தெள்ளுக்கு எட்டும் உயரம்தானே. மூட்டை தூக்குகிறவருக்கும் அப்படித்தான், எலித் தெள்ளு ஒளிந்திருக்கும் சாக்கு நேராகக் கைக்கும் தோளுக்கும் வருகிறது. ஒருவரது நெறி இருக்கும் இடம், அவர் நின்றாரா, படுத்தாரா, எதைத் தூக்கினார் என்பதுவரை சொல்லக் கூடியது. ரயிலடியில் தொட்டுப் பார்த்த கைகளுக்குக் கீழே இவ்வளவும் இருந்தது. தானிய மூட்டையோடும், துணி மூட்டையோடும் ரயிலேறிப் போனது தெள்ளு. முன்பு சொன்ன நீராவி பலித்தது இதனால்தான்.

இதற்குள் எத்தனை உயிர். 1918 வாக்கில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடி போலச் செத்திருந்தார்கள்.

நம்ம பக்கம்? வடக்கையும் மேற்கையும் போலச் சென்னை மாகாணத்தில் பிளேக் ஆடவில்லை. ஆனால் பயம் வந்தது, சட்டமும் வந்தது. நோயுள்ள ஊரிலிருந்து சென்னை மாகாணத்துக்கு வருகிறவர்களுக்குப் "பிளேக் பாஸ்போர்ட்" கொடுத்தார்கள். சொந்த ஊருக்குப் போனாலும் குறித்த நாட்கள்வரை அதிகாரிமுன் ஆஜராகி உடம்பைக் காட்ட வேண்டும். 2020-ல் ஊருக்குப் போய்ச் சேர்ந்த நம்மவர்கள் வீட்டு வாசலில் ஒட்டப்பட்ட நோட்டீஸ் ஞாபகம் வருகிறதா? கோயம்புத்தூரில் பிளேக் வந்து வந்து போனது. அங்கே பிளேக் மாரியம்மனுக்கே கோயில்கள் உண்டு. அம்மைக்கு ஏற்கெனவே அம்மன் இருந்தாள், பிளேக்குக்குப் புதிதாக ஒருத்தி வேண்டியிருந்தது. பெங்களூரிலும் பிளேக் மாரியம்மன் இருக்கிறாள். 1898-ல் அங்கே நோய் வந்த பிறகு நெரிசலைக் குறைக்கப் போட்ட விரிவாக்கங்கள்தான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும்.

பம்பாயிலும் அதே கதை. பிளேக்குக்குப் பதிலாக 1898-ல் சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்று ஒன்றை அமைத்தார்கள். நெரிசலான சால்களை இடித்து, காற்றும் வெளிச்சமும் வரும்படி அகலத் தெருக்கள் போடுவது அதன் வேலை. பிரின்சஸ் தெரு, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, முகமது அலி ரோடு எல்லாம் அதன் கைவண்ணம். இடிபட்ட வீடுகளில் இருந்த கூலிக்காரர்கள் பக்கத்துச் சால்களில் போய் இன்னும் நெருக்கிக்கொண்டார்கள், அவர்களோடு எலியும் போனது. காற்றையும் வெளிச்சத்தையும் நம்பிய திட்டத்தில் எலிக்கும் தரைக்கும் இடமில்லை.

அதே டிரஸ்ட் நகரத்துக்கு வடக்கே, வயலும் சதுப்புமாகக் கிடந்த இடத்தில் தாதர், மாட்டுங்கா, சயான் திட்டங்களைப் போட்டது. திட்டம் போட்டு முடிப்பதற்குள் முப்பது வருடம் போனது. புது வீடுகள் தயாரானபோது, குமாஸ்தா வேலையும் டைப்ரைட்டிங்கும் கற்றுக்கொண்டு தெற்கிலிருந்து ஒரு கூட்டம் பம்பாயில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. கையில் காசு குறைவு, ஆனால் மாசச் சம்பளம் உறுதி. வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கு அது போதும். மாட்டுங்கா இப்படித்தான் தமிழர் பேட்டை ஆனது. 1923-ல் ஆஸ்திக சமாஜம், 1932-ல் எஸ்.ஐ.இ.எஸ். கல்விச் சங்கம். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி இட்லிக் கடைகளும் பூக்கடைகளும் எப்போது வந்தன என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அந்தத் தெருக்கள் அவ்வளவு அகலமாக இருப்பதற்கும், ஃபைவ் கார்டன்ஸில் நாம் பிள்ளைகளை விளையாட விடுவதற்கும் காரணம் மாண்ட்வியில் நெறி கட்டிச் செத்த மனிதர்கள்.